மேஜிக் ரகசியங்களைக் கலைக்களஞ்சியத்தில் எழுதலாமா?

மேடையில் மேஜிக் செய்து பிழைக்கும் எங்களிடையே விக்கிப்பீடியா போன்ற இணையக் கலைக்களஞ்சியங்களைப் பற்றி ஒரு மனக்குறை உண்டு. ஒருவர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு உருவாக்கிய ஐட்டத்தின் சூட்சுமத்தைப் பெயர் தெரியாத இன்னொருவர் நான்கே வரியில் எழுதிவிடுகிறார். அதன் பிறகு பள்ளி ஆண்டுவிழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையன் கைப்பேசியைப் பார்த்து விடையை உரக்கச் சொல்லிவிடுகிறான். குறை பொய்யல்ல. ஆனாலும் ரகசியங்களை வெளியிடவே கூடாது என்று துறையினர் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எதை, எந்த ஆதாரத்தின் பேரில், எவ்வளவு விரிவாக எழுதலாம் என்பதில்தான் கண்டிப்பு வேண்டும்.

சில ரகசியங்களை விட்டுவிட்டால் வரலாற்றையே எழுத முடியாது. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர், சுங் லிங் சூ என்ற பெயரில் சீனராகவே மேடையில் வாழ்ந்தவர். தம்மை நோக்கிச் சுடப்படும் தோட்டாவைப் பிடித்துக் காட்டுவது அவருடைய புகழ்பெற்ற வித்தை. 1918 மார்ச் 23 அன்று லண்டனின் வுட் கிரீன் எம்பயர் அரங்கில் அந்த வித்தையின்போதே மார்பில் குண்டு பாய்ந்து, மறுநாள் இறந்தார். அவருடைய துப்பாக்கியில் தோட்டா கிடக்கும் குழாய்க்கு நெருப்பு போகாது. அதன் கீழே, மருந்தைக் கெட்டிக்கும் கம்பியைச் செருகி வைக்கும் குழாயில் இருக்கும், தோட்டா இல்லாத வெறும் வெடிமருந்து மட்டுமே வெடிக்கும்படி அமைத்திருந்தார்கள். நாள்பட்ட தேய்மானத்தால் மருந்துத்தூள் கசிந்து, அன்று நெருப்பு மேல்குழாய்க்கும் தாவிவிட்டது. இந்த விவரங்கள் மரண விசாரணையிலேயே வெளிவந்தவை. ரகசியம் காக்கிறோம் என்று கலைக்களஞ்சியம் இதை மறைத்து, "மேடையில் சுடப்பட்டு இறந்தார்" என்று நிறுத்திக்கொண்டால், கொலை என்றும் தற்கொலை என்றும் அப்போதே கிளம்பிய வதந்திகளுக்குத்தான் அது துணைபோகும்.

சட்டமும் எங்கள் பக்கம் அவ்வளவாக இல்லை என்பதைத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். பெண்ணை ரம்பத்தால் இரண்டாக அறுக்கும் வித்தையை பி. டி. செல்பிட் 1921-இல் லண்டனில் மேடையேற்றினார். அதன் இன்னொரு வடிவத்துக்கு ஹோரஸ் கோல்டின் 1923-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். காப்புரிமை வேண்டுமென்றால் செய்முறையை ஆவணத்தில் எழுதித்தான் ஆக வேண்டும், அந்த ஆவணத்தை யாரும் படிக்கலாம். பத்தாண்டு கழித்து ஒரு சிகரெட் நிறுவனம் தன் விளம்பரங்களில் அந்த வித்தையின் ரகசியத்தைப் போட்டு உடைத்தது; கோல்டின் தொடுத்த வழக்கு 1938-இல் தள்ளுபடியானது. ரோஜாவின் நிழலைக் கத்தியால் வெட்ட உண்மையான பூவின் இதழ்கள் உதிரும் வித்தைக்காக அமெரிக்க மேஜிக் கலைஞர் டெல்லர் தொடுத்த வழக்கில் 2014-இல் நெவாடா நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கே காப்பாற்றப்பட்டது, அவர் 1983-இலேயே பதிவு செய்திருந்த மௌன நாடகம். அதற்குப் பின்னால் இருந்த சூட்சுமம் அல்ல. நம் நாட்டிலும் பதிப்புரிமை ஒரு கருத்தின் வெளிப்பாட்டுக்கு உண்டே தவிர, கருத்துக்குக் கிடையாது. 1905-இல் லண்டனில் தொடங்கப்பட்ட மேஜிக் கலைஞர் சங்கமான மேஜிக் சர்க்கிள், ரகசியத்தை வெளியிடும் உறுப்பினரை நீக்கலாம். உறுப்பினர் அல்லாத கட்டுரையாளரை என்ன செய்ய முடியும்?

இத்தனை அம்பலத்துக்குப் பிறகும் அறுக்கும் வித்தை சாகவில்லை. 1956 ஏப்ரலில் நம் நாட்டு மேஜிக் கலைஞர் பி. சி. சர்க்கார் பிபிசி தொலைக்காட்சியில் அதைச் செய்து, அறுத்த பெண் எழும் முன்பே நிகழ்ச்சி முடிந்துவிட, அவள் செத்தே போனாள் என்று பயந்தவர்களின் அழைப்புகளால் நிலையத்தின் தொலைபேசிகள் திணறின. விளம்பரம் வந்தது அமெரிக்காவில், சர்க்காரின் முறை வேறு என்று வாதிடலாம்தான். என் அனுபவத்தில், தேடிப் படித்துவிட்டு வருகிறவர்கள் பார்வையாளர்களில் மிகச் சிலரே. அவர்களும் கையின் வேகத்தை ரசிக்கவே வருகிறார்கள்.

மறைப்பதே தீங்காக முடியும் இடம் ஒன்று உண்டு; இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான். வித்தையை வித்தை என்று சொல்லாமல் அருள் என்றும் மாந்திரீகம் என்றும் சொல்லிப் பணம் பறிப்பவர்களுக்குத் தொழில் ரகசியத்தின் பாதுகாப்பு எதற்கு? பகுத்தறிவாளர்களான, இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூரும், கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009-இல் மறைந்த பி. பிரேமானந்தும் செய்முறைகளை வெளிப்படையாக எழுதியும் செய்துகாட்டியும் வந்தது இதற்காகத்தான். சாம்பலைச் சோற்றுக் கஞ்சியில் பிசைந்து, சிறு உருண்டைகளாக உருட்டிக் காயவைத்து, கட்டைவிரல் இடுக்கில் ஒன்றை ஒளித்துக்கொள்கிறார்கள். கையைச் சுழற்றும்போது அது விரல் நுனிக்கு வந்துவிடும், நசுக்கினால் விபூதி கொட்டும். செம்பருத்தி இதழைத் தேய்த்து உலரவைத்த கத்தியால் எலுமிச்சையை வெட்டினால், பழத்தின் அமிலம் பட்டுச் சாறு சிவப்பாக வழியும். அதைக் காட்டி, செய்வினை இருக்கிறது, எடுக்கச் செலவாகும் என்பார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் "மந்திரமா தந்திரமா" என்ற பெயரில் இவற்றை ஊர் ஊராகச் செய்துகாட்டியிருக்கிறார்கள். நானும் ஒரு கிராமத்தில் இந்தக் கத்தியை மகளிர் குழுவினர் கையில் கொடுத்து வெட்டச் சொன்னேன். முதலில் வெட்டிய அம்மா, சிவந்த விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்கா நாங்க ஆட்டை வித்தோம்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். இத்தகைய செய்முறைகள் கலைக்களஞ்சியத்தில் தமிழிலேயே, தேடினால் முதலில் அகப்படும்படி இருக்க வேண்டும்.

எழுதும் முறையில் எனக்கு இரண்டு கண்டிப்புகள் உண்டு. வாழும் கலைஞர் ஒருவர் இன்றும் மேடையேற்றுகிற சொந்தப் படைப்பை, யாரோ மெதுவாக ஓட்டிப் பார்த்து ஊகித்துப் போட்ட காணொளியை நம்பி எழுதுவது நியாயமல்ல. விக்கிப்பீடியாவின் சொந்த விதிப்படியே, நம்பகமான வெளியீடு எதிலும் வராத செய்தியைக் கட்டுரையில் சேர்க்கக் கூடாது. அடுத்தது ஆபத்து. 2019 ஜூனில் கொல்கத்தாவில் மேஜிக் கலைஞர் சஞ்சல் லாஹிரி சங்கிலியால் கட்டப்பட்டு ஹூக்ளி ஆற்றில் இறங்கி உயிரிழந்தார், அவர் அனுபவசாலி. சூட்சுமம் தெரிந்துவிட்டால் செய்துவிடலாம் என்று நினைக்கும் சிறுவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. தேங்காயில் தானாகத் தீப்பற்றுவது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கிளிசரினும் சேர்வதால் என்று எழுதுவது மக்களுக்குத் தேவை. எத்தனை கிராம், எத்தனை துளி என்று எழுதுவது யாருக்கும் தேவையில்லை. வீட்டில் பெரியவர்கள் இல்லாமல் பிள்ளைகள் தீ, கயிறு, தண்ணீர் சம்பந்தப்பட்ட வித்தை எதையும் முயலவே கூடாது.

உங்களுடைய சொந்த ஐட்டத்தின் ரகசியம் ஒரு கட்டுரையில் வந்திருப்பதைக் கண்டால், உடனே அழித்துவிடாதீர்கள். அழித்ததை இன்னொருவர் மீட்பார், திரும்பத் திரும்ப அழித்தால் அங்கே எழுத முடியாதபடி நீங்கள் தடுக்கப்படலாம், அதற்குள் இன்னும் பலர் படித்திருப்பார்கள். அந்த வரிக்கு என்ன ஆதாரம் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அச்சில் வந்த நூலோ நீதிமன்ற ஆவணமோ என்றால் விட்டுவிடுவதே நல்லது. ஆதாரமே இல்லை, அல்லது யாரோ ஏற்றிய காணொளிதான் ஆதாரம் என்றால், கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் நீங்கள் யார் என்பதைச் சொல்லி, ஆதாரம் போதாது என்ற காரணத்தை மட்டும் எழுதுங்கள். தொழில் தர்மம், பாரம்பரியம் என்றெல்லாம் அங்கே வாதாடினால் எடுபடாது.