தூண்டிலைப் பிடித்தவர் குழந்தையைப் பார்ப்பதில்லை

மழைக்குப் பிறகு ஏரிகளில் தண்ணீர் நின்றுவிட்டால், ஞாயிறு சாயங்காலம் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் மீன் வாசம் அடிக்கும். புளிசாதம், மூங்கில் தூண்டில், டப்பாவில் மண்புழு என்று குடும்பத்தோடு கிளம்பியவர்கள் பாதியில் இங்கே வந்து நிற்பார்கள். சேலத்தில் பல வருஷமாகப் பார்க்கிறேன்.

ஒரு ஏழு வயதுப் பையன். அப்பா தூண்டிலை வீசக் கையை ஓங்கியிருக்கிறார், பின்னால் நின்ற மகனின் காது மடலில் முள் ஏறிவிட்டது. வழியில் யாரோ இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். தூண்டில் முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே எதிர்ப்பக்கம் பார்த்தபடி ஒரு குட்டி முள் இருக்கும். மீனை நழுவவிடாத அது சதையையும் விடாது. தூண்டில் நூலை மட்டும் வெட்டிவிட்டு, முள்ளை அசைக்காமல் அப்படியே கூட்டிவாருங்கள். மரத்துப்போக ஊசி போட்டு நாங்கள் எடுத்துவிடுவோம். கண்ணில் பட்டிருந்தால் தொடவே வேண்டாம். அழுத்தாமல் ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து மூடினால் போதும்.

கெளுத்தி குத்தினால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வருகிறார்கள். அதன் முதுகிலும் இரண்டு பக்கத் துடுப்புகளிலும் உள்ள முட்களில் விஷம் உண்டு. சூடு பட்டால் அதன் வீரியம் குறையும். பொறுக்கும் சூட்டில் தண்ணீர் வைத்து, பெரியவர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, குத்திய இடத்தை 30 நிமிடத்திலிருந்து 90 நிமிடம் வரை முக்கி வைத்தால் வலி இறங்கும். அப்புறம் டிடி ஊசிக்கு வாருங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். என் பயம் தண்ணீர்தான்.

மேட்டூர் அணையில் 120 அடி வரை தண்ணீர் நிற்கும் என்பது ஊருக்கே தெரியும், அங்கே பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம். நம் ஊர் ஏரியில் விட்டுவிடுகிறோம். கோடையில் வண்டல் அள்ளிய குழி மழை வந்ததும் கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடக்கிற குழந்தை அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடும். கத்தாது. மூச்சுக்கே வழியில்லாதபோது கத்துவது எப்படி? பத்தடி தள்ளி அப்பா தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார், அம்மா சோறு பிரித்துக்கொண்டிருப்பார். எல்லோரும் அங்கேதான் இருந்தோம் டாக்டர் என்பார்கள். உண்மைதான்.

நீச்சல் தெரியாதவர் குதிக்காதீர்கள். மூடி இறுக்கிய காலிக் கேனை வீசலாம்; சேலை, வேட்டி, கையிலிருக்கும் மூங்கில் கம்பு, எதையாவது நீட்டலாம். வெளியே எடுத்தபின் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது இன்னும் நடக்கிறது, வயிற்றை அமுக்குகிறார்கள். இரண்டும் நேரத்தைத் தின்னும். வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். பிறகு நடுநெஞ்சை 30 முறை அழுத்தி 2 முறை ஊதுவது என்று 108 வரும்வரை விடாதீர்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்கு வரத்தான் வேண்டும், மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும்.

எங்கள் வீட்டில் ஒரு சிவப்புத் துண்டு இருக்கிறது. காவிரிக் கரையில் இருக்கும் பூலாம்பட்டிக்குப் போனால் அது யார் தோளில் கிடக்கிறதோ அவர் தூண்டிலையும் போனையும் தொடக்கூடாது. அவர் கண் பிள்ளைகள் மேல்தான். அரைமணிக்கு ஒருமுறை கைமாறும். என் தோளுக்கு வரும்போது மட்டும் மீன் நன்றாகக் கடிக்கிறது.