மாட்டைத் தொடலாமா, டாக்டரம்மா?

போன ஆடி மாதம் மறுபரிசோதனைக்கு வந்த ஒரு அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். திருவாரூர் மாவட்டத்தில் கோரையாற்றை ஒட்டிய சிற்றூர்க்காரர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மூன்று வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, பிறகு கீமோ, அப்புறம் நம் பக்கத்தில் 'கரண்டு வைக்கிறது' என்று சொல்கிற கதிர்வீச்சு. எல்லாம் நல்லபடியாக முடிந்து, இப்போது தினம் ஒரு மாத்திரை மட்டும்தான். மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே சரியாக இருந்தது. கையில் வீக்கம் இல்லை. வழக்கமாக ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பியிருப்பேன். அன்று கூட்டம் குறைவு என்பதால், வீட்டில் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"என்னத்த பொழுது டாக்டரம்மா. மாடு இருந்தா அது பின்னாடியே ஓடிரும். அதத்தான் குடுத்துட்டோமே."

ஏன் கொடுத்தீர்கள் என்றேன். என்னை வியப்பாகப் பார்த்தார்.

"நீங்கதானே மாட்டுப் பக்கம் போகக் கூடாதுன்னீங்க."

சொன்னேன்தான். கீமோ ஓடிக்கொண்டிருந்த மாதங்களில் சொன்னேன். கீமோ முடிந்த அன்று, "இனிமேல் போகலாம்" என்று சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியம் விட்டுப்போனதில் மூன்று மாட்டுப் பொங்கல் அவருக்கு வெறும் தொழுவத்தோடு போயிருக்கிறது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு மறுபரிசோதனைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், சிகிச்சைக்காக எதையெல்லாம் நிறுத்தினீர்கள், இன்னும் எதையெல்லாம் நிறுத்தியே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். கோழி வளர்ப்பதை விட்டவர்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காராதவர்கள், பேரப்பிள்ளையைத் தூக்காதவர்கள், குளத்துப் படித்துறைக்குப் போகாதவர்கள். இதில் பெரும்பாலானவை நாங்கள் சொன்னவை. சிகிச்சைக் காலத்துக்கு மட்டும் சொன்னவை.

அந்தத் தடைக்குக் காரணம் உண்டு. கீமோ மருந்து புற்றுச் செல்லோடு சேர்த்து எலும்பு மஜ்ஜையையும் அடக்குகிறது. கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அங்கேதான் உருவாகின்றன. பல மருந்துகளுக்கு, ஊசி போட்ட 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் அந்த அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அப்போதே மருத்துவமனைக்கு வரவேண்டும். சாதாரண நாளில் ஒன்றும் செய்யாத பூனைக் கீறல் அப்போது ரத்தத்தில் கிருமி ஏறும் அளவுக்குப் போகலாம். அதனால்தான் சாணி அள்ளாதீர்கள், கோழிக்கூண்டைக் கழுவாதீர்கள், பச்சை முட்டை குடிக்காதீர்கள் என்கிறோம். உடம்பு தேற பச்சை முட்டை உடைத்துக் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். கொடுப்பவர் அன்பாகத்தான் கொடுக்கிறார். ஆனால் முட்டையிலும் கோழி எச்சத்திலும் சால்மோனெல்லா என்கிற கிருமி இருக்கக்கூடும். முட்டையை முழுதாக வேகவைத்துக் கொடுங்கள்.

கடைசி கீமோ முடிந்து சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு வெள்ளையணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதன்பின் எதிர்ப்புச் சக்தி முழுதாகத் தேற இன்னும் சில மாதங்கள் பிடிக்கலாம், அவ்வளவுதான். ரத்தப் புற்றுநோய்க்காரர்கள், மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோரின் கணக்கு வேறு. அவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு டாமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரையை ஐந்து வருடம், பத்து வருடம் சாப்பிடுகிறவர்கள், "இன்னும் சிகிச்சையில்தானே இருக்கேன்" என்று எல்லாவற்றையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. இவை கீமோவைப் போல வெள்ளையணுக்களைக் குறைக்கும் மருந்துகள் அல்ல. லெட்ரோசோல் எலும்பைக் கொஞ்சம் பலவீனமாக்கும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முரட்டுக் காளையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டாம். இழுத்த இழுப்பில் விழுந்தால் எலும்பு முறியும்.

கரண்டு வைத்துக்கொண்டவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியிலிருந்து இயந்திரம் மூலம் கதிர்வீச்சு கொடுத்தால், அறையை விட்டு வெளியே வந்த பிறகு உடம்பில் கதிர் எதுவும் தங்காது. குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். தைராய்டு புற்றுநோய்க்கு கதிரியக்க அயோடின் உட்கொள்பவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் சில நாட்கள் தள்ளியிருக்க வேண்டும், வீட்டு நாயிடமும் பூனையிடமும்கூட.

சரி, திரும்பவும் மாட்டுக்கு வருகிறேன். அந்த அம்மாவிடம் இருந்தது உம்பளச்சேரி இனம். தலைஞாயிறு பக்கத்து உம்பளச்சேரியின் பெயரைத் தாங்கிய, நம் டெல்டாவின் சொந்த மாடு. சேற்று வயலில் உழைக்கப் பிறந்தது. பால் அதிகம் கறக்காது. அதனால் அதை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பாசத்தால் வைத்திருப்பவர்கள். அறுவை சிகிச்சையில் அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கை பின்னாளில் வீங்கும் வாய்ப்பு உண்டு. அதற்குப் பயந்து கையை அசைக்காமலே வைத்திருப்பது தவறு. பயிற்சி கொடுத்து, வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பால் கறப்பதென்றால் முதல் வாரம் ஒரு காம்பு, மற்றதை வீட்டில் வேறு யாராவது கறக்கட்டும். கை கனத்தால், மோதிரமோ வளையலோ இறுக ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள். வைக்கோல் அள்ளும்போதும் புல் அறுக்கும்போதும் அந்தக் கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். சிறு கீறல் பட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கை சிவந்து சூடாகி வலித்தால் அன்றைக்கே வரவேண்டும். மாடு கன்று போடும்போது நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடுவதும் பாலைக் காய்ச்சாமல் குடிப்பதும் எல்லோருக்குமே ஆகாது. அதில் புருசெல்லா கிருமி வரும். சீம்பாலை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். கேன்சருக்குக் கோமியம் நல்லது என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

நாய் வைத்திருப்பவர்கள் வருடந்தோறும் ரேபிஸ் தடுப்பூசியும், காலாகாலத்தில் குடற்புழு மருந்தும் கொடுத்துவிடுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தெருநாயோ, கொஞ்ச வந்த குட்டியோ, பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். போனதும், கேன்சருக்கு சிகிச்சை எடுத்தேன், எடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குச் சின்னக் கீறலாக இருந்தாலும் தடுப்பூசியோடு, சீரம் என்கிற ரேபிஸ் எதிர்ப்பு ஊசியும் தேவைப்படும். "நம்ம வீட்டு நாய்தானே" என்று மஞ்சள் வைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள்.

பூனையின் மலத்தை கீமோ நாட்களில் வேறு யாராவது தினமும் அள்ளட்டும். பிறகு, அள்ளியதும் கை கழுவினால் போதும்.

பிராணிகளை விட நான் அதிகம் கவலைப்படுவது கால்களைப் பற்றி. பாக்ளிடாக்ஸல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் எடுத்தவர்களுக்குப் பாதம் மரத்துப்போவது மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் நீடிக்கும். டெல்டாவில் வரப்பில் செருப்போடு நடக்கிறவர் எத்தனை பேர்? கருவேல முள் ஏறினாலும், வயல் நத்தை ஓடு கிழித்தாலும் தெரியாது. அந்தக் காயத்தோடு எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம். குறுவையோ சம்பாவோ, வயலைப் பார்க்கப் போங்கள், கட்டாயம் போங்கள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாவிட்டால் பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது நண்பர்கள். கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு ஐயா வருகிறார். வாய்ப்புற்று. தாடையில் அறுவை சிகிச்சை செய்து கரண்டும் வைத்த பிறகு வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. சாதாரணமாக மூன்று விரல் நுழைய வேண்டும். எச்சில் ஊறுவது குறைந்துவிட்டது. டீ குடித்தால் ஓரத்தில் கொஞ்சம் வழியும். முப்பது வருடமாகக் காலையில் ஒரே டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், ஒன்றரை வருடமாக அந்தத் தெருவுக்கே போகவில்லை. நண்பர்களிடம் "டாக்டர் வெளியில சாப்பிடக் கூடாதுன்னுட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். வாயெல்லாம் புண்ணாக இருந்த ஆறு வாரத்துக்கு நான் சொன்னதுதான் அதுவும்.

ஒருநாள் அவரோடு துணைக்கு வந்த நண்பர், அவரை முன்னால் போகவிட்டுத் திரும்பி வந்து கதவருகே நின்றார். "அம்மா, அவன் டீ குடிக்கலாமா? நாங்க கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துட்டோம். எங்க மேல ஏதும் கோவமான்னு தெரியல." குடிக்கலாம், ஆறவைத்துக் குடிக்கட்டும், பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொள்ளட்டும், வழிந்தால் நீங்கள் யாரும் பார்க்காதீர்கள் என்றேன். அடுத்த முறை ஐயாவே சொன்னார், சாம்பாரில் நன்றாக ஊறின வடையைக் கடைக்காரர் கரண்டியால் மசித்தே கொடுக்கிறாராம்.

அந்த பெஞ்சில் இன்னொரு சிக்கல் இருந்தது, வெற்றிலைப் பெட்டி. கும்பகோணம் வெற்றிலை நம் பெருமைதான். வந்தவருக்கு முதலில் நீட்டுவதும் அதைத்தான். ஆனால் புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. சீவல், பான் மசாலா எல்லாம் இதில் அடக்கம். வாய்ப்புற்று வந்து தேறியவர் எதிரில் பெட்டியைத் திறக்காமல் இருப்பது நண்பர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. இந்த ஐயாவின் நண்பர்கள் பெட்டியைக் கடைக்கு எடுத்து வருவதையே விட்டுவிட்டார்கள். அவர்கள் வாய்க்கும் நல்லது.

பார்க்க வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. "ஐயோ, எப்படி இருந்தே, இப்படி ஆயிட்டியே" என்று தொடங்காதீர்கள். உங்கள் ஊரில் இதே நோயில் போனவர் கதையைச் சொல்லாதீர்கள். தனித் தட்டு, தனி டம்ளர் வைக்காதீர்கள். புற்றுநோய் கூடப் பழகுவதாலோ சேர்ந்து உண்பதாலோ ஒட்டாது. ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதைவிட, அவர்களிடமே ஏதாவது வேலை கேளுங்கள். கோயிலுக்குப் பூக் கட்டித் தரச் சொல்லுங்கள், வடாம் பிழியும்போது கூப்பிடுங்கள். வாங்கிக்கொண்டே இருப்பது மனிதரை மிகவும் களைப்பாக்கும் என்று என் நோயாளிகள்தான் எனக்குச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அத்தாச்சி தன் பிள்ளையின் சடங்குக்கு நூறு முறுக்கு சுட்டுத் தரச் சொன்ன நாளில்தான் தனக்குக் குணமாகிவிட்டதை நம்பியதாக ஒருவர் சொன்னார்.

உடம்பின் அசதியும் படுத்தே இருந்தால் போவதில்லை. மாலையில் வாய்க்கால் கரையில் தோழியோடு பத்து நிமிடம் நடந்து, வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டே போகலாம். டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு நிறுத்தம் தள்ளியிருக்கும் சிநேகிதியைப் பார்க்க அதைவிட வேறென்ன வேண்டும்? என் பாட்டி காலத்தில் கேன்சர் என்ற சொல்லே வாயில் வராது, "அடையாத்துக்குப் போயிருக்காங்க" என்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் தொடங்கிய மருத்துவமனையின் பெயர்தான் நோயின் பெயராக இருந்தது. இன்றும் சென்னைக்குப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் உண்டு. மருத்துவரின் சான்றிதழ் இருந்தால் ரயிலில் நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை கிடைக்கும். வேலைக்குப் போகும் மகனை லீவு போடச் சொல்லிக் குற்ற உணர்ச்சியோடு போவதைவிட, ஒரு தோழியை அழைத்துக்கொண்டு உழவன் எக்ஸ்பிரஸில் பேசிக்கொண்டே போய் வரலாம்.

மறுபரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே தூக்கம் போய்விடும். இது எல்லோருக்கும் உண்டு, பலவீனம் என்று நினைக்காதீர்கள். ஆனால் புதிதாகக் கட்டி தெரிந்தாலோ, எலும்பு வலி, இருமல், காரணமில்லாத எடைக் குறைவு என ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ சீட்டில் போட்ட தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

இப்போது என் பிரிவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எதையாவது தவிர்க்கச் சொன்னால், எதுவரை என்ற தேதியைச் சேர்த்து எழுதுகிறோம். கடைசி கீமோவுக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், நோயாளியின் எதிரிலேயே அந்த வரிகளை ஒவ்வொன்றாக அடித்துவிடுகிறேன். அடிக்க முடியாதவை சில இருக்கும், அவற்றை மட்டும் திரும்பச் சொல்கிறேன். நீங்கள் எந்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்திருந்தாலும் உங்கள் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: "எனக்கு வேண்டாமென்று சொன்னதில் இப்போது எதெல்லாம் செய்யலாம்?"

கோரையாற்றங்கரை அம்மா தை மாதம் மறுபடி வந்தார். பழைய மாட்டை வாங்கியிருந்த உறவினர் வீட்டில் அது புரட்டாசியில் கன்று போட்டிருக்கிறது. கன்றைக் கேட்டு வாங்கிவிட்டார். கைபேசியில் படம் காட்டினார். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, நான்கு காலிலும் வெள்ளை. உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது அப்படித்தான் இருக்கும், எட்டு மாதத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். கையை அளந்து பார்த்தேன், வீக்கம் இல்லை. அடுத்த தேதி ஆடியில் என்று எழுதிக் கொடுத்தேன்.

"அப்ப வேற படம் கொண்டாரேன் டாக்டரம்மா," என்றார். "இந்தக் கன்னுதான்னு சொன்னா நம்ப மாட்டீங்க."