பார்த்தும் தெரியாத பைக்

விபத்து நடந்த இடத்தில் கார் ஓட்டி வந்தவர் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: "சத்தியமாக நான் வண்டியைப் பார்க்கவில்லை." சுற்றி நிற்பவர்கள் அதை நம்புவதில்லை. பட்டப்பகல், வளைவில்லாத சாலை, நேர் எதிரே வந்த பைக். எப்படிப் பார்க்காமல் போயிருக்க முடியும்? ஆனால் கண்ணும் மூளையும் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அவரைப் பொய்யர் என்று சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. அவர் அந்தத் திசையில் பார்த்திருப்பார். பைக்கின் பிம்பம் விழித்திரையிலும் விழுந்திருக்கும். அப்படியும் அவருக்கு அது தெரியாமலேயே போயிருக்கலாம்.

1981இல் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் அறிக்கைதான் இதை முதன்முதலாகப் பெரிய அளவில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தது. இன்னொரு வாகனத்துடன் மோதிய விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில், முதலில் போக வேண்டிய பைக்கின் வழியை மற்ற வாகனம் மறித்திருந்தது. நம் நாட்டில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதிவேகம், மது, ஹெல்மெட் இல்லாமை என்று காரணங்கள் பல உண்டு. இருந்தாலும், கண்ணில் படாமல் போவது என்ற காரணத்துக்கு நாம் போதிய கவனம் கொடுக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கண்ணிலிருந்து தொடங்குவோம். நம் பார்வை முழுவதும் ஒரே தெளிவில் இருப்பதில்லை. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் அதன் அகலம் கண்ணில் ஏறக்குறைய 2 பாகை. துல்லியமான பார்வை அவ்வளவுதான். மீதியெல்லாம் மங்கல். அந்தச் சிறு வட்டத்தை நொடிக்கு மூன்று நான்கு முறை இங்கும் அங்கும் தாவவிட்டு, கிடைக்கும் துண்டுகளைச் சேர்த்து மூளை ஒரு முழுக் காட்சியை உருவாக்குகிறது. தாவும் அந்தக் கணத்தில் பார்வை ஏறக்குறைய அணைந்துவிடும். வேண்டுமானால் கண்ணாடி முன் நின்று உங்கள் இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

சந்திப்பில் தலையை வலமும் இடமும் வேகமாகத் திருப்பிவிட்டுக் காரை எடுப்பவருக்கு இரண்டு மூன்று துண்டுகள்தான் கிடைக்கின்றன. ஏறக்குறைய 80 செ.மீ. அகலமுள்ள பைக், 50 மீட்டர் தொலைவில் ஒரு பாகைக்கும் குறைவாகவே தெரியும். அதாவது கட்டைவிரலில் பாதி. இரண்டு துண்டுகளுக்கு இடையில் அது முழுதாக விழுந்துவிட இடமுண்டு. லாரிக்கு அந்த ஆபத்து குறைவு.

பைக் கண்ணில் பட்டுவிட்டாலும் தொல்லை தீரவில்லை. எதிரே வரும் பொருள் கண்ணில் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதை வைத்தே அது எப்போது வந்து சேரும் என்று மூளை கணிக்கிறது. இந்த வளர்ச்சி நொடிக்குச் சுமார் 0.003 ரேடியன், அதாவது ஏறக்குறைய 0.17 பாகை என்ற அளவைத் தாண்டினால்தான் வேகம் நமக்கு உறைக்கும். கணக்குப் போட்டால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் இரண்டரை மீட்டர் அகல லாரி ஏறக்குறைய 118 மீட்டர் தொலைவிலேயே அந்த அளவைத் தொட்டுவிடும். அதே வேகத்தில் வரும் பைக் 67 மீட்டருக்குள் வந்த பிறகே தொடும். லாரியின் வேகத்தை உணர்ந்தவருக்கு ஏழு நொடி மிச்சமிருக்கிறது. பைக்கின் வேகத்தை உணர்ந்தவருக்கு நான்கு. சிறிய பொருள் தாமதமாக வரும் என்று தோன்றும் இந்த மயக்கம் ஆய்வகங்களிலும் பலமுறை நிறுவப்பட்டிருக்கிறது. "தூரத்தில்தானே வந்தான், அதற்குள் எப்படி வந்தான்?" என்று காரோட்டி கேட்பதன் பின்னணி இதுதான்.

அடுத்தது, காரின் முன்கண்ணாடியைத் தாங்கும் தூண். பைக் போகும் திசைக்கு இடதுபுறமுள்ள கிளைச் சாலையிலிருந்து ஒரு கார் மெயின் ரோட்டை நெருங்குகிறது. பைக் மெயின் ரோட்டில், அந்த டிரைவரின் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. தூணின் அகலம் 10 செ.மீ., கண்ணிலிருந்து அதன் தொலைவு 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரு கண்களையும் திறந்து வைத்திருந்தாலும், 20 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 90 செ.மீ. அகலப் பட்டை ஒன்று அவருக்கு அறவே தெரியாது. பைக்கும் ஓட்டுபவரும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். காரும் பைக்கும் அதனதன் மாறாத வேகத்தில், ஒரே புள்ளியை ஒரே நேரத்தில் தொடும்படி வந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியும் கோணம் மாறாது. தூணுக்குப் பின்னால் போன பைக், மோதும் வரை தூணுக்குப் பின்னாலேயே இருக்கும்.

தூணே இல்லாவிட்டாலும் கோணம் மாறாததில் ஆபத்து இருக்கிறது. பின்னணியின்மேல் நகராமல், இருந்த இடத்திலேயே மெல்லப் பெரிதாகும் பொருளை நம் ஓரப்பார்வை அசைவு என்று எடுத்துக்கொள்வதில்லை. பூச்சிகள் இதே உத்தியைப் பயன்படுத்துகின்றன. பெங்களூருவில் படித்து ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்த மண்டயம் சீனிவாசன், 1995இல் டேவி என்பவருடன் சேர்ந்து இதைப் பற்றி எழுதினார். அந்தரத்தில் நின்று பறக்கும் மிதவை ஈக்கள் சில தம் இணையைப் பின்தொடரும்போது, அதன் கண்ணுக்கு அசையாப் பொருளாகத் தெரியும்படி பாதையை அமைத்துக்கொள்கின்றனவாம். ஈ திட்டமிட்டு மறைகிறது. பைக்கில் போகிறவர் தம்மை அறியாமலே மறைந்துவிடுகிறார்.

எல்லாவற்றையும் மீறி மூளை எதை எதிர்பார்க்கிறது என்பதும் இருக்கிறது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டன் பாமர் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், சாலைப் படங்களைக் காட்டி அவை பாதுகாப்பானவையா என்று கேட்டார்கள். கடைசிப் படத்தில் எதிர்பாராத ஒரு வாகனத்தைச் சேர்த்திருந்தார்கள். அது டாக்சியாக இருந்தபோது 31 சதவீதம் பேர் கவனிக்கவில்லை. மோட்டார் சைக்கிளாக இருந்தபோது 65 சதவீதம் பேர்.

சரி, பைக்கில் போகிறவர் என்ன செய்யலாம்? வெளிச்சமும் நிறமும் உதவும் என்பதற்குச் சான்று உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ஒளிர்நிற அல்லது ஒளி பிரதிபலிக்கும் உடை அணிந்தவர்களுக்கு விபத்தில் காயமடையும் அபாயம் 37 சதவீதமும், பகலில் ஹெட்லைட் போட்டவர்களுக்கு 27 சதவீதமும் குறைவாக இருந்தது. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு 24 சதவீதம் குறைவு. மலேசியா 1992இலேயே பகலிலும் ஹெட்லைட் கட்டாயம் என்றது. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் விளக்கு தானாகவே எரிகிறது. வந்த புதிதில், எதிரே போகிற முன்பின் தெரியாதவர்கள்கூட விரல்களைக் குவித்து விரித்து "லைட் எரிகிறது" என்று அக்கறையோடு சைகை காட்டுவார்கள்.

உடையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒளிர்மஞ்சள் சட்டை, சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரை உறிஞ்சிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுவதால்தான் அப்படிப் பளிச்சிடுகிறது. இரவில் அந்தக் கதிர் கிடையாது. சட்டையின் சிறப்பும் போய்விடும். இரவுக்குத் தேவை, வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் நுண்மணிகள் பதித்த பட்டை. மழைக்கோட்டு வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்க்காமல் முதுகிலும் கையிலும் அந்தப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பின்னணியும் முக்கியம். திறந்த வானத்துக்கு எதிரே வெளிர்நிறத்தைவிடக் கறுப்பு உடை நன்றாகத் தெரிந்ததாக இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வு சொல்கிறது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் நிறம் என்று ஒன்றில்லை.

ஆகவே உடையைவிட, சாலையில் நிற்கும் இடத்துக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். நாம் அன்றாடம் பார்க்கும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். நான்குவழிச் சாலை, மீடியனில் ஒரு இடைவெளி. வலப்பக்கம் திரும்ப ஒரு கார் அங்கே காத்திருக்கிறது. எதிரே ஒரு பஸ் வருகிறது. அதன் பின்னால் 10 மீட்டர் விட்டு 50 கி.மீ. வேகத்தில் ஒரு பைக். டிரைவரின் கண் பஸ்ஸின் மேல்தான் இருக்கிறது. பஸ் கடந்த மறுகணம் கிளட்சை விடுகிறார். பைக் அந்த இடத்துக்கு வர இன்னும் 0.7 நொடிதான் இருக்கிறது. யாருக்கும் எதுவும் செய்ய நேரமில்லை. பஸ்ஸிலிருந்து மூன்று நொடி இடைவெளி, அதாவது 40 மீட்டர் விட்டிருந்தால், பஸ் நகர்ந்ததும் பைக் வெட்டவெளியில் தெரிந்திருக்கும்.

கிளைச் சாலை இடப்பக்கம் வருகிறது என்றால் கொஞ்சம் முன்பே, பின்னால் வண்டி இல்லையென்று பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, நம் தடத்துக்குள்ளேயே மெல்ல வலப்பக்கம் நகரலாம். இதனால் கோணம் மாறும். தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வருவோம். பின்னணியின்மேல் அசைவு தெரியும். தப்பிக்க ஒரு மீட்டர் கூடுதலாகவும் கிடைக்கும். டிரைவரின் கண்ணைப் பார்த்துவிட்டோம் என்று நிம்மதி அடைய வேண்டாம், அவர் கண் நம்மைக் கடந்து போயிருக்கலாம். முன்சக்கரத்தைப் பாருங்கள். கார் நகரத் தொடங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். லாரியின் இடப்பக்கம் ஒட்டி முந்துவதை அடியோடு விட்டுவிட வேண்டும். வலப்பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு இடது முன்சக்கரத்தின் அருகில் இருப்பது எதுவும் நேராகத் தெரியாது.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு போதும். ஆபத்தை உணர்ந்து பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆகிறது என்றால், 40 கி.மீ. வேகத்தில் போகிறவர் 26 மீட்டருக்குள் முழுதாக நின்றுவிடலாம். 60இல் போகிறவர் 25 மீட்டரைக் கடக்கும்போதுதான் பிரேக்கையே அழுத்தத் தொடங்குகிறார்.

காரோட்டிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் 2019 ஆய்வில், சந்திப்பில் பைக்கைப் பார்த்த ஓட்டுநர்களிலேயே சிலர் மறுபக்கம் திரும்பிப் பார்ப்பதற்குள் அதை மறந்துவிட்டது தெரியவந்தது. காட்சி நினைவில் அடுத்த காட்சி ஏறியதும் முந்தையது அழிந்துவிடலாம். ஒலி நினைவு வேறு வழியில் செயல்படுகிறது. அதனால் பைக்கைப் பார்த்தவுடன் "பைக்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள் என்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள். காரில் தனியாகப் போகும்போதும் சொல்லலாம். பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் அந்த வேலையை அவர்களிடமே கொடுத்துவிடலாம்.