புனைபெயர்: சொல்லும், அக்ராவின் ஒரு பத்தியும்

முதலில் எழுத்துப்பிழையைப் பார்த்துவிடலாம். 'புனைப்பெயர்' என்று ஒற்று சேர்த்துப் பலர் எழுதுகிறார்கள். புனைபெயர் வினைத்தொகை. புனைந்த பெயர், புனைகிற பெயர், புனையும் பெயர் என்று மூன்று காலத்துக்கும் விரியும். ஊறுகாய், சுடுசோறு போல இங்கேயும் வல்லினம் மிகாது.

ஆங்கிலத்தில் இதை 'சூடோனிம்' என்பார்கள். கிரேக்கத்திலிருந்து வந்த சொல். முன்பாதிக்குப் 'பொய்யான' என்று பொருள், பின்பாதிக்குப் 'பெயர்'. பிரெஞ்சு வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. 'நோம் த ப்ளூம்' என்றும் ஒன்று உண்டு, 'இறகுப் பேனாப் பெயர்' என்று பொருள். கேட்டால் பிரெஞ்சு போலத் தெரியும், ஆனால் பிரெஞ்சுச் சொற்களை வைத்து ஆங்கிலேயர் கட்டிக்கொண்டது அது. பிரெஞ்சுக்காரர்களிடம் ஏற்கெனவே இருந்தது 'நோம் த கேர்', அதாவது போர்ப்பெயர். படையில் சேர்ந்தவன் வைத்துக்கொண்ட பெயர் அது.

தமிழில் வேர் வேறு. புனைதல் என்றால் சூடுதல், அழகு செய்தல், கட்டுதல், இயற்றுதல். மாலை புனைவார்கள், முடி புனைவார்கள், செய்யுளும் புனைவார்கள். நெடுநல்வாடையில் வரும் 'புனையா ஓவியம்' வண்ணம் தீட்டாத ஓவியம். பொய் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, புனைசுருட்டு என்கிறோமே. ஆனாலும் அது பின்னால் வந்து சேர்ந்த நிழல். சொல்லின் நடுவில் இருப்பது, ஒன்றை எடுத்து அணிந்துகொள்ளும் செயல்.

இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுவது ஆங்கிலேயர் ஆட்சிக்கால ஆப்பிரிக்கப் பத்திரிகைகளைப் பற்றிப் படிக்கும்போதுதான். மேற்கு ஆப்பிரிக்காவில், கோல்டு கோஸ்ட்டிலும் (இன்றைய கானா) நைஜீரியாவின் லாகோஸிலும் ஆப்பிரிக்கர்களே நடத்திய செய்தித்தாள்களில் கட்டுரைகளும் வாசகர் கடிதங்களும் ஏராளமாகப் புனைபெயரில் வந்தன. எழுதியவர்களில் குமாஸ்தாக்களும் பள்ளி ஆசிரியர்களும் நிறைய. அரசையோ கம்பெனியையோ சொந்தப் பெயரில் விமர்சித்தால் வேலை போய்விடும். பெண்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நல்ல குடும்பத்துப் பெண்ணின் பெயர் அச்சில் வந்து ஊர் வாயில் விழலாமா என்ற கேள்வி.

அப்படிப் புனைபெயரில் எழுதிய பெண்களில் ஒருவர் மேபல் டவ். 1905இல் கோல்டு கோஸ்ட்டின் தலைநகர் அக்ராவில் பிறந்தவர். அப்பா சியரா லியோன்காரர், பெரிய வழக்கறிஞர். அம்மா வணிகம் செய்தவர். ஃப்ரீடவுனிலும் இங்கிலாந்திலும் படித்தார். இங்கிலாந்தில் அப்பாவுக்குப் பிடிக்காமலேயே செயலாளர் பயிற்சி முடித்துவிட்டு வந்து, கப்பல் கம்பெனியில் தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்தார். 1931இல் வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ஜே.பி. டான்குவா தொடங்கிய பத்திரிகை கொஞ்ச நாளில் 'டைம்ஸ் ஆஃப் வெஸ்ட் ஆப்பிரிக்கா' ஆனது. அதில் 'லேடீஸ் கார்னர்' என்று பெண்களுக்கான பத்தி ஒன்று வந்தது. கீழே 'மார்ஜரி மென்சா' என்ற பெயர் இருக்கும். மேபல் எழுதியது அந்தப் பெயரில்தான்.

பெண்கள் பகுதி என்றதும் நாகரிகமும் நடைமுறையும்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அவையும் இருந்தன. ஆனால் உடையைப் பற்றிப் பேசுவதே அங்கே அரசியல். ஃபிராக் போடுபவள் படித்தவள், துணி சுற்றிக் கட்டுபவள் படிக்காதவள் என்று ஊரே பெண்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. திருமணமும் அப்படித்தான். 1884இல் வந்த திருமணச் சட்டப்படி ஒருத்தியை மட்டும் மணப்பதா, ஊர் வழக்கப்படி மணப்பதா என்பது பத்திரிகைகளில் வருடக்கணக்கில் ஓடிய விவாதம். பெண் படித்து என்ன செய்யப் போகிறாள் என்ற கேள்வியும் கூடவே வந்தது. இந்த விவாதங்களில் ஒரு பெண் குரல் நாள் தவறாமல் ஒலிக்க இடம் கொடுத்தது அந்தப் பெயர்.

அவர் அணிந்த மற்ற பெயர்களையும் பாருங்கள். 'ஆப்பிரிக்கன் மார்னிங் போஸ்ட்' இதழில் டாமா டூமாஸ். லாகோஸில் 'நைஜீரியன் டெய்லி டைம்ஸ்' இதழில் எபுன் அலகிஜா. எபுன் என்றால் யோருபா மொழியில் பரிசு, அலகிஜா லாகோஸில் பேர்பெற்ற குடும்பம். பிறகு 'அக்ரா ஈவினிங் நியூஸ்' இதழில் அகோசுவா ஜாட்சுயி. அகோசுவா, ஞாயிற்றுக்கிழமை பிறந்த பெண்ணுக்கு அக்கான் மக்கள் வைக்கும் பெயர். போகிற ஊருக்கும் பேசுகிற வாசகருக்கும் ஏற்றபடி பெயர் மாறியிருக்கிறது. இதைப் 'பொய்ப்பெயர்' என்று மொழிபெயர்த்தால் பாதி விஷயம் கைநழுவிவிடும். புனைபெயர் என்பது சரியாகப் பொருந்துகிறது.

சரி, இதில் ஆபத்தே இல்லையா? இருந்தது. பெயர் கழற்றி மாட்டக்கூடியது என்றால் யாரும் மாட்டிக்கொள்ளலாம். மார்ஜரி மென்சாவின் பெயரில் ஒருவருக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். 1934இல் ஓர் ஆண் பத்திரிகையாளர், அந்த எழுத்து என்னுடையது என்று உரிமை கேட்டு டான்குவா மீது வழக்குப் போட்டார். பெண்ணின் குரல் என்று ஊரே வாசித்த ஒன்றை எழுதியது யார் என்று நீதிமன்றத்தில் பேச வேண்டி வந்தது. இன்றைக்கும் அந்தப் பத்தியை வாசிப்பவர் அதில் ஒரே பெண்ணின் மனதைத் தேடினால் ஏமாந்துபோவார்.

அரசுக்கும் புனைபெயர் பிடிக்கவில்லை. 1936இல் 'எஃபெக்டிவ்' என்ற பெயரில் 'ஆப்பிரிக்கன் மார்னிங் போஸ்ட்' வெளியிட்ட கட்டுரைக்காக ராஜத்துரோக வழக்கு வந்தது. அதை எழுதிய தொழிற்சங்கத் தலைவர் வாலஸ் ஜான்சனுக்கு அபராதம். பத்திரிகையின் ஆசிரியர் அசிகிவே மேல்முறையீட்டில் தப்பினார். டாமா டூமாஸ் எழுதிவந்ததும் இதே பத்திரிகையில்தான்.

தென்னாப்பிரிக்காவில் வேறு மாதிரி. 1920களில் ஜோகன்னஸ்பர்க்கின் 'உம்டெடெலி வா பான்டு' இதழில் நொன்ட்சிசி ம்கெத்தோ ஷோசா மொழியில் நூறுக்கு நெருக்கமான கவிதைகள் எழுதினார், சொந்தப் பெயரில். ஆண்களுக்கே உரியதாக இருந்த 'இம்போங்கி' என்னும் புகழ்ப்பாடகர் மரபைக் கையிலெடுத்துக்கொண்டு, தலைவர்களையே கண்டித்துப் பாடினார். பெயர் தெரியும், ஆனால் அந்தக் கவிதைகளுக்கு வெளியே அவர் வாழ்க்கையைப் பற்றி அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. இத்தனை பெயர்களில் எழுதிய மேபல் டவ்வின் வாழ்க்கையோ நன்றாகவே பதிவாகியிருக்கிறது. 1951இல் 'அக்ரா ஈவினிங் நியூஸ்' ஆசிரியரானார். 1954இல், கானாவின் விடுதலைக்குத் தலைமை தாங்கிய என்க்ரூமாவின் கட்சி சார்பில் கா ஊரகத் தொகுதியில் நின்று சட்டமன்றத்துக்குத் தேர்வானார். வாக்குச்சீட்டுக்கு வந்தது சொந்தப் பெயர்.

இனி, சொல்லை எங்கே எப்படிப் பயன்படுத்துவது? எழுத்தாளர் தாமே தேர்ந்து எழுத்துக்கு இட்டுக்கொள்வது புனைபெயர். போலீஸ் குறிப்பில் 'என்கிற' போட்டு எழுதுவது மாற்றுப்பெயர். இரண்டையும் கலக்க வேண்டாம். பெயரே போடாமல் எழுதுவதை 'அநாமதேயம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதில் ஏதோ மொட்டைக் கடிதத்தின் வாடை அடிக்கிறது. 'பெயர் சுட்டாத எழுத்து' என்பது நல்ல தமிழ், சங்க அகப்பாடலில் தலைவன், தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் வகுத்த 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்ற மரபும் அதற்குப் பின்னால் நிற்கிறது. மார்ஜரி மென்சா போலப் பலர் மாறி மாறி எழுதும் பெயருக்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை. 'பொதுப் புனைபெயர்' என்று சொல்லலாம். அங்கே 'பொது' என்பதை அடுத்து ஒற்று மிகும்.