எரிமலைச் சாம்பலும் அடம்பன் கொடியும்

கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் வெந்நீர் ஊறுவதால் அடியில் எரிமலை இருக்கிறது என்ற பேச்சு திருகோணமலையில் நெடுநாளாக உண்டு. அப்படி எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளினூடே ஆழத்துக்கு இறங்கி, புவியின் உள்வெப்பத்தில் சூடாகி மேலே வருகிறது. ஒரு கிலோமீற்றர் கீழே போனால் வெப்பம் ஏறத்தாழ 25 பாகை செல்சியசு கூடும். உயிர்ப்புள்ள எரிமலையைப் பார்க்க வேண்டுமானால் வங்காள விரிகுடாவைத் தாண்டி, சுமார் 1,400 கிலோமீற்றர் தொலைவில் அந்தமான் பக்கமுள்ள பாரன் தீவுக்குப் போக வேண்டும். ஆனாலும் எரிமலை அழித்த காடு எப்படி மீள்கிறது என்ற கேள்விக்கான விடையில் ஒரு பகுதி நிலாவெளிக் கடற்கரையிலேயே படர்ந்து கிடக்கிறது.

முதலில் அழிவு. எரிமலை வாயிலிருந்து சரிவில் பாயும் சூடான வாயுவும் துகளும் பல நூறு பாகை வெப்பத்தில் வருவதால், அதன் பாதையில் மரம் கருகும் அல்லது முறியும். இந்தப் பாதை பெரும்பாலும் சில பத்துக் கிலோமீற்றர்களோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் மிகப் பரந்த காட்டைத் தொடுவது சாம்பல்தான். இது அடுப்புச் சாம்பல் அல்ல. நொறுங்கிய பாறையும் கண்ணாடியும். தண்ணீரில் கரையாது, கூர்மையானது. ஒரு சதுர மீற்றரில் 1 சென்ரிமீற்றர் தடிப்புக்குப் படிந்தால், காய்ந்த நிலையில் 5 முதல் 10 கிலோகிராம் வரை இருக்கும். மழையில் நனைந்தால் அந்த எடை இரட்டிக்கும், கிளைகள் ஒடியும்.

இலைமேல் படிந்த சாம்பல் வெளிச்சத்தை மறைத்து, இலைவாய்களை அடைத்து, ஒளித்தொகுப்பைக் குறைக்கிறது. துகளோடு ஒட்டி வரும் அமிலம் இலையைச் சுடுகிறது. சாம்பலோடு வரும் புளோரைட்டு என்ற நச்சு உப்புப் படிந்த புல்லை மேயும் விலங்குகள் நோயுற்று மடிகின்றன. பூச்சிகளின் பாடு இன்னும் மோசம். உடலின் மெழுகுப் பூச்சைத் துகள்கள் உராய்ந்து நீக்கிவிட, ஈரம் வெளியேறி அவை உலர்ந்து சாகின்றன. பூச்சி குறைந்தால் அதைத் தின்னும் பறவைக்கும் பட்டினி.

எந்தப் பருவத்தில் சாம்பல் விழுகிறது என்பதும் முக்கியம். கச்சான் வீசும் ஓகஸ்ட் மாதம் போன்ற வறட்சியில் விழுந்தால், காற்று அதை மரத்திலிருந்து உதிர்த்தாலும் திரும்பத் திரும்பக் கிளப்பும். மாரி மழையில் விழுந்தால் இலை கழுவப்படும். ஆனால் தரையில் நுண்துகள் இறுகி மேலோடாகி, நீரும் ஒட்சிசனும் வேருக்கு இறங்காமல் தடுக்கும். உள்ளே இறங்காத நீர் சாம்பலை அள்ளிக்கொண்டு சேற்று வெள்ளமாக ஓடும். மெல்லிய படிவை முளைகள் துளைத்து வந்துவிடும். பல பத்துச் சென்ரிமீற்றர் தடித்தால் சிறு செடிகள் புதைந்தே போகும்.

எரிமலைச் சாம்பல் உடனடி உரம் என்று பலர் எழுதுகிறார்கள். இது தவறு. பொசுபரசு, பொற்றாசியம், கல்சியம் எல்லாம் அதில் உண்டு, ஆனால் பாறைக்குள் பூட்டப்பட்டிருக்கின்றன. உக்கி வெளிவர நீண்ட காலம் எடுக்கும். நைதரசன் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆகவே காடு திரும்புவதைத் தீர்மானிப்பவை இரண்டு: கீழே உயிரோடு எஞ்சியது எது, நைதரசனைக் கொண்டுவருவது யார்.

அமெரிக்காவின் சென்ற் ஹெலன்ஸ் 1980 மே 18 அன்று வெடித்தபோது சுமார் 600 சதுர கிலோமீற்றர் நிலம் சிதைந்தது. ஆனால் வெண்பனியின் கீழ் மூடியிருந்த இளமரங்கள் பிழைத்தன. வளைக்குள் இருந்த கோபர் என்ற கொறிவிலங்குகளும் பிழைத்து, மண்ணைத் தோண்டிப் பழைய மண்ணையும் அதிலிருந்த பங்கசு வித்திகளையும் சாம்பலின் மேலே கொண்டுவந்தன. வெறும் நுரைக்கல் வெளியில் முதலில் வேரூன்றியது அவரைக் குடும்பத்து லூப்பின் செடி. அதன் வேர்முடிச்சிலுள்ள பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனை மண்ணுக்குத் தந்தன.

இந்தோனேசியாவின் எரிமலைத் தீவான கிரக்கற்றோவாவில் எஞ்சியது எதுவும் இல்லையென்றே கொள்ளலாம். 1883 ஓகஸ்ட் வெடிப்பின் கடலலைகள் இலங்கைக் கரைகளிலும் உணரப்பட்டன. 1884 மே மாதம் அங்கு சென்றவர்கள் கண்டது ஒரே ஒரு சிறு சிலந்தி. 1886இல் தாவரவியலாளர் மெல்கியோர் திறொய்ப் போனபோது, சாம்பல்மேல் நீலப்பச்சை அல்காக்களின் வழுவழுப்பான மெல்லிய படலம் படிந்திருந்தது. ஈரத்தைப் பிடித்துவைத்த அந்தப் படலத்தில், காற்றில் வந்த பன்ன வித்திகள் முளைத்திருந்தன. கரையோரத்துக்குச் செடிகளைச் சேர்த்தது கடல். அடம்பன் கொடியின் விதை கடினமான ஓடும் உள்ளே காற்றறையும் உடையது; உப்புநீரில் மாதக்கணக்கில் மிதந்தாலும் முளைதிறன் கெடாது. கரையேறியதும் கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தளர்ந்த சாம்பலைக் கட்டிப் பிடிக்கும். சவுக்கும் நாட்டு வாதுமையும் அதே கடல்வழியில் வந்தவை. சவுக்கு தன் வேர்முடிச்சால் நைதரசனும் சேர்த்தது.

அதன்பின் பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும் அத்தி இன விதைகளைத் தம் எச்சத்தில் விதைத்தன. ஆனால் அத்திக்கு அதற்கென்றே உரிய, 1–2 மில்லிமீற்றர் அளவான குளவி வந்து சேராவிட்டால் காய் பிடிக்காது. அந்தக் குளவியும் காற்றில் கடல்தாண்டி வந்தது. 1930 அளவில் தீவை மூடிய காடு எழுந்துவிட்டது. எனினும் அயலிலுள்ள சுமாத்திராவின் பழங்காடுகளில் ஓங்கி நிற்கும் டிப்ரறோகார்ப் மரங்கள் அங்கே இல்லை. அவற்றின் விதை கனமானது, உப்புநீரைத் தாங்காது, உலர்ந்தால் விரைவில் செத்துவிடும்.