சேக்ரமென்டோவில் சட்டம், கவுன்டியில் செலவு

கலிஃபோர்னியாவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு வருடா வருடம் கவுன்டியிலிருந்து (நம்மூர் மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) சொத்து வரி பில் வரும். முதல் தவணையை டிசம்பர் 10-க்குள், இரண்டாவதை ஏப்ரல் 10-க்குள் கட்டிவிட வேண்டும். பில்லில் கவுன்டியின் பெயர் இருப்பதால், பணம் முழுவதும் கவுன்டிக்கே போகிறது, வரியைக் கூட்டுவதும் குறைப்பதும் கவுன்டியின் கையில்தான் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. எவ்வளவு வசூலிக்கலாம், அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் மாநில அளவில், தலைநகரான சேக்ரமென்டோவின் சட்டங்களாலோ மாநில வாக்காளர்களாலோ முடிவானவை. கவுன்டி வசூலித்துப் பிரித்துக் கொடுக்கிறது, தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

மாநிலத்தில் மொத்தம் 58 கவுன்டிகள். இவை மாநிலத்தின் சட்டப்பூர்வ உட்பிரிவுகள் என்று மாநில அரசியலமைப்பே சொல்கிறது. ஜெயில், தேர்தல், பொதுச் சுகாதாரம், மனநலச் சிகிச்சை, உணவு உதவி எல்லாவற்றையும் நடத்துவது கவுன்டி. யாருக்கு, எப்படி என்ற விதியைப் பெரும்பாலும் மாநிலமோ மத்திய அரசோ எழுதுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் சுமார் 1 கோடி பேர் வாழ்கிறார்கள். சியெரா நெவாடா மலையிலுள்ள ஆல்பைன் கவுன்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 1,204 பேர். பெரும்பாலான சட்டங்கள் இரண்டுக்கும் ஒன்றே.

முதலில் வருமானம். 1978 ஜூன் 6 அன்று மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய ப்ரொபசிஷன் 13 என்ற முன்மொழிவு அடிப்படைச் சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதமாகக் கட்டிப்போட்டது. 8 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினால் அடிப்படை வரி 8,000 டாலர். அடுத்த வருடம் சந்தை விலை எவ்வளவு ஏறினாலும் வரிக்கான மதிப்பு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது, அதாவது வரி அதிகபட்சம் 8,160 டாலர். வீடு கைமாறும்போதோ புதிதாகக் கட்டும்போதோதான் மதிப்பைப் பொதுவாகப் புதிதாகப் போடுவார்கள். ப்ரொபசிஷன் 13-க்கு முன்பு கவுன்டி, நகராட்சி, பள்ளி மாவட்டம் எல்லாம் தனித்தனியே விகிதம் வைத்துக்கொண்டன. ஒரே 1 சதவீதம் என்று ஆனதும் அதை எப்படிப் பங்கிடுவது என்ற அதிகாரம் சட்டமன்றத்துக்குப் போனது. 1979-இல் அது ஒரு பங்கீட்டு முறையை எழுதியது. 1992, 1993 ஆண்டுகளில் மாநிலத்துக்குப் பணத் தட்டுப்பாடு வந்தபோது, கவுன்டிகளின் பங்கில் ஒரு பகுதியைப் பள்ளிகள் பக்கம் திருப்பிவிட்டது. பள்ளிகளுக்கு மாநிலம் தர வேண்டிய தொகை அந்த அளவுக்குக் குறைந்தது. கவுன்டிக்கு வரவு போனது, செய்ய வேண்டிய வேலை அப்படியே இருந்தது. எனக்கு இது நியாயமாகத் தெரியவில்லை.

அப்புறம் வேலை. இதற்கு 2011-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. மாநிலச் சிறைகளில் இடமில்லாமல் கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள். எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்ன உத்தரவை அந்த மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு முந்தைய மாதமே ஆளுநர் கையெழுத்திட்டிருந்த ஏபி 109 சட்டம் அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. வன்முறை, கடுங்குற்றம், பாலியல் குற்றம் என்ற வகைகளில் சேராத பல வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள் அதன்பின் மாநிலச் சிறைக்குப் பதிலாகக் கவுன்டி ஜெயிலுக்குப் போனார்கள். கவுன்டி ஜெயில் என்பது விசாரணைக் கைதிகளுக்காகவும் ஒரு வருடம் வரையான தண்டனைக்காகவும் கட்டியது. அங்கே ஒருவர் மூன்று, நான்கு வருடம் இருப்பதென்றால் பூட்டிய அறை மட்டும் போதாது. நாள்பட்ட நோய்க்கு மருத்துவம், படிப்பு, தொழிற்பயிற்சி, நடக்க இடம் எல்லாம் வேண்டும். விடுதலையானவர்களில் பலரைக் கண்காணிக்கும் பொறுப்பும் கவுன்டியின் ப்ரொபேஷன் துறைக்கு வந்தது.

மாநிலம் இதற்குப் பணம் தராமல் இல்லை. மாநில விற்பனை வரி விகிதத்தில் 1.0625 சதவீதப் புள்ளியை ஒதுக்கியது, 2012 நவம்பரில் வாக்காளர்கள் அதை அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். ஆனால் விற்பனை வரி என்பது கடையில் பொருள் விற்றால்தான் வரும். வேலை போய் மக்கள் உதவி கேட்டு வரிசையில் நிற்கும் காலத்தில்தான் அந்த வரவும் குறையும்.

புதிய வேலையைச் சுமத்தினால் செலவைத் திருப்பிக் கேட்கக் கவுன்டிக்கு உரிமை உண்டு. 1979-இல் வாக்காளர்கள் சேர்த்த பிரிவு அது: புதிய திட்டத்தையோ கூடுதல் சேவையையோ மாநிலம் கட்டாயமாக்கினால் அதன் செலவை மாநிலம் ஈடுகட்ட வேண்டும். இப்படிக் கட்டாயமாக்குவதைத்தான் ‘கட்டளை’ என்கிறார்கள். சட்டம் அமலான நாளிலிருந்தோ, செலவு முதலில் ஏற்பட்டதிலிருந்தோ 12 மாதத்துக்குள் மாநிலக் கட்டளைகளுக்கான ஆணையத்தில் மனு போட வேண்டும். ஏழு பேர் கொண்ட அந்த ஆணையத்தில் மாநில நிதித் துறை இயக்குநரும் ஓர் உறுப்பினர். 2004-க்குப் பிறகு, ஒப்புக்கொண்ட செலவுக்கு மாநிலம் பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வருடத்துக்குக் கட்டளையை நிறுத்தி வைக்க வேண்டும். இதில் விலக்குகளும் உண்டு. புதிய குற்றத்தை வரையறுக்கும் சட்டத்துக்கும், கவுன்டி கட்டணம் வசூலித்து ஈடுகட்டக்கூடிய வேலைக்கும் ஈட்டுத்தொகை கிடையாது.

ஒரு மசோதா உங்கள் கவுன்டியைத் தொடுமா என்று பார்ப்பது எளிது. மசோதாவின் தொடக்கத்தில் உள்ள சுருக்கத்தின் முடிவில் ‘உள்ளூர்த் திட்டம்: ஆம்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நேராகக் கடைசிப் பிரிவுக்குப் போங்கள். ஈடு உண்டா, இல்லையென்றால் எந்தக் காரணத்தால் இல்லை என்று அங்கே எழுதியிருக்கும்.

நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஆளுநரின் திருத்திய பட்ஜெட் மே நடுவில் வரும், சட்டமன்றம் ஜூன் 15-க்குள் பட்ஜெட்டை நிறைவேற்ற வேண்டும். கவுன்டி நிர்வாகக் குழுவும் அநேகமாக அதே ஜூனில்தான் பொது விசாரணை நடத்துகிறது, அங்கே யாரும் பேசலாம். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை மக்கள் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். அந்தத் தாளை ஒட்டுவதும் மாநிலம் ஈடுகட்ட வேண்டிய வேலையாகத்தான் இருந்தது. பணம் தர மனமில்லாமல் 2012-இல் மாநிலம் அந்தக் கட்டளையையே நிறுத்தி வைத்தது. பிறகு வாக்காளர்கள் விதியையே மாற்றினார்கள், 2014 ஜூனில் ப்ரொபசிஷன் 42 அதை உறுதியாக்கியது. இப்போது நிரலை ஒட்டியே ஆக வேண்டும், செலவு கவுன்டியுடையது.