பொசில், உயிர்ச்சுவடு, கற்பல்: கரையில் எடுத்த சுறாப் பல்லை எப்படிச் சொல்வது?

மட்டக்களப்பின் கல்லடிக் கரையில் கறுத்த முக்கோணப் பல் ஒன்று கையில் அகப்பட்டால் முதலில் வாயில் வரும் சொல் ‘பொசில்’. பாடசாலைப் புத்தகத்தில் அது ‘உயிர்ச்சுவடு’. தமிழ்நாட்டு நூல்களில் ‘புதைபடிவம்’, ‘தொல்லுயிர் எச்சம்’. நான்கையும் ஒன்றென்று எண்ணிப் புழங்குகிறோம். சொல்லை உடைத்துப் பார்த்தால் பல்லை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதும் தெளிகிறது.

பொசில் இலத்தீன் வழி வந்தது. ‘ஃபொசிலிஸ்’ என்றால் தோண்டி எடுக்கப்பட்டது. கல் என்ற பொருளோ உயிர் என்ற பொருளோ மூலத்தில் இல்லை. 1546இல் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா இச்சொல்லைத் தலைப்பில் வைத்து எழுதிய நூல், நிலத்திலிருந்து கிடைக்கும் கனிமங்களையும் மணிகளையும் சேர்த்தே பேசுகிறது. பழைய உயிரின் மிச்சம் என்று பொருள் சுருங்கியது பின்னர்தான். அக்காலத்து ஐரோப்பியர் கல்லான சுறாப் பற்களை ‘நாக்குக்கல்’ என்றார்கள். மால்டாத் தீவில் அவை பாம்பின் நாக்கு என நம்பப்பட்டன. 1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெரிய சுறாவின் தலையை அறுத்துப் பார்த்த டென்மார்க் உடற்கூற்றறிஞர் ஸ்டெனோ, வாயிலிருந்த பல்லும் நாக்குக்கல்லும் ஒத்திருப்பதை மறு ஆண்டே எழுதி வெளியிட்டார்.

இனித் தமிழ். ‘சுவடு’ என்றால் பதிந்த தடம். சேற்றில் பதிந்து இறுகிய காலடிக்கும், கல்லில் பதிந்த இலைக்கும் அது கச்சிதம். பல் தடமல்ல, உடலின் உறுப்பு அப்படியே எஞ்சியது. ஆகவே பல்லுக்கு ‘தொல்லுயிர் எச்சம்’ கூடுதலாகப் பொருந்தும். பரீட்சையில் உயிர்ச்சுவடு என்றே எழுதுங்கள், அதுதான் பாடத்திட்டச் சொல். பேச்சுக்கு இன்னும் நல்ல வழி உண்டு: பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கிடக்கும் கல்லான மரத்தைத் தமிழ் மக்கள் ‘கல்மரம்’ என்கிறார்கள். அந்த வழியில் கல்லான பல்லைக் ‘கற்பல்’ எனலாம். சொன்ன உடனே விளங்கும்.

 

கற்பல் என்று எதைச் சொல்லலாம்? சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு, அது அழுகிவிடும். பல் அப்பற்றைற்று என்ற பொஸ்பேற்றுக் கனிமத்தால் ஆனது, அதனால் நிற்கிறது. மண்ணுள் நெடுங்காலம் கிடக்கையில் பல்லிலுள்ள புரதம் போய், நுண்துளைகளில் நிலத்தடி நீரின் கனிமங்கள் படிகின்றன. அந்த மாற்றம் நடந்திருந்தால்தான் கற்பல்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் இங்கேதான் அவதானம் வேண்டும். நம் நிலத்தின் அடிப்பாறை கேம்பிரியன் என்ற மிகப் பழைய புவியியல் காலத்துக்கும் முற்பட்ட உருமாறிய பாறை. அப்போது சுறாவே தோன்றவில்லை, அதில் சுறாப் பல் இருக்க வழியில்லை. இலங்கையில் பழைய கடல்வாழ் எச்சங்கள் உள்ள மயோசீன் படைகள் யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லிலும், புத்தளம் பக்கத்து அறுவைக்காட்டிலும், யால கரையின் மினிஹாகல்கந்தவிலும் உள்ளன. அவற்றின் வயது 2.3 கோடி முதல் 53 இலட்சம் ஆண்டு வரை. எனவே பாசிக்குடாவிலோ திருக்கோவிலிலோ எடுத்த பல் பெரும்பாலும் அண்மைக்காலத்தது என்று எண்ணியே தொடங்குங்கள். சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கும். மீன் வெட்டும் இடங்களில் எறிந்த தாடையிலிருந்தும் பல் கரை சேரும்.

நிறம் சாட்சி ஆகாது. வாவியின் கண்டல் சேற்றில் புதைந்த புதுப்பல்லும் இரும்புச் சல்பைட்டால் கறுத்துவிடும்; பாலமீன்மடு, கல்லாறு முகத்துவாரங்களுக்கு அருகே எடுப்பவற்றில் இதை முதலில் ஐயுறுங்கள். வேரைப் பாருங்கள். புதுப்பல்லின் வேர் இலேசானது, துளையானது. கற்பல்லின் வேர் பாரமாய், பீங்கானில் தட்டினால் ‘கிண்’ என்னும். ஐயம் தீராவிட்டால் பழுக்கக் காய்ச்சிய ஊசியை வேரின் அடிப்பக்கத்தில் ஒரு கணம் வையுங்கள். மயிர் கருகும் மணம் வந்தால் புரதம் இருக்கிறது, அது புதுப்பல். மணம் வராததை மட்டும் வைத்துக் கற்பல் என்று முடிவெடுக்காதீர்கள். வெயிலில் நெடுநாள் வெளிறிய பல்லிலும் புரதம் குறைந்திருக்கும்.

எந்தச் சுறா என்பதை விளிம்பு சொல்லும். நகத்தை ஓட்டிப் பாருங்கள். சேவற்கொண்டைபோல் வளைந்து, ஒரு பக்கத்தில் ஆழ்ந்த வெட்டும் அதன் கீழே முரட்டு அரப்பற்களும் இருந்தால் புலிச்சுறா. அரப்பல் இன்றி வழுவழுப்பாக, நீண்டு கூர்ந்திருந்தால் மாக்கோச் சுறா போன்றவற்றை நினைக்கலாம். ஒரே சுறாவின் மேல்தாடைப் பல் அகன்றும் கீழ்த்தாடைப் பல் ஒடுங்கியும் இருப்பதுண்டு. இதை அறியாமல் ஒன்றை இரண்டு இனமாக்கிவிடுகிறார்கள்.

சுறாப் பல் என்று மயக்குபவை பல. நண்டுக் காலின் கறுத்த நுனி உள்ளே கூடாக இருக்கும். திருக்கையின் பல் தகடு தட்டையானது, அடிப்பக்கம் சீப்புப்போல் வரிவரியாக இருக்கும். பேத்தை மீனின் அலகுத் துண்டில் வேரே இராது. சிப்பித் துண்டிலும் முருகைக்கல்லிலும் ஒரு துளி வினாகிரி விட்டால் நுரைக்கும், பல்லில் நுரைக்காது. பல்லை வினாகிரியில் ஊறவைத்துவிடாதீர்கள். அப்பற்றைற்று மெல்லக் கரைந்து மினுக்கம் போய்விடும்.

தேட நல்ல காலம், வாடைக் காற்றின் அலை மணலை அரித்த பிந்திய நாட்கள். நம் கரையில் வற்று பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, ஆதலால் அலை அரித்ததே முக்கியம். கற்பல் மணலைவிடப் பாரமானது. சிப்பிச் சரளையும் கருமணலும் கோடாய் ஒதுங்கும் இடத்தில் 5 மில்லிமீற்றர் அரிதட்டால் அரியுங்கள், கீழே விழுந்ததை 2 மில்லிமீற்றரால். உயிருள்ள முருகையையும் ஆமை ஓட்டையும் எடுக்கச் சட்டம் விடாது. குமண தேசிய பூங்காவுக்குள் எதையும் எடுக்க முடியாது.

வீட்டில் நல்ல தண்ணீரில் ஒரு வாரம் ஊறவிட்டு, நாளுக்கொரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். உப்பு உள்ளே நின்றால் காய்கையில் படிகமாகி வேரை வெடிக்கவைக்கும். நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்ததும் எடுத்த கரை, திகதி, அலைக்கோட்டிலிருந்து எத்தனை அடி, சரிந்த பக்க நீளம் எத்தனை மில்லிமீற்றர் என்று துண்டில் எழுதி உடன் வையுங்கள். கற்பல்லா புதுப்பல்லா என்ற இடத்தைப் பென்சிலால் நிரப்புங்கள்.